பீரங்கி வாயில மைனா முட்டை

சிரிக்காம கேப்பீங்களாடா? உங்க மூஞ்சிங்களப் பாத்தா நம்பிக்கையே வரல. இருந்தாலும் சொல்றேன்.

கடற்கரைக் கோட்டையில ஒரு பழைய பீரங்கி. கூடு கட்ட எடம் தேடி வந்த மைனா ஒண்ணு அதோட வாய்க்குள்ள எட்டிப் பாத்துச்சு.

"தைரியமா உள்ள வா தங்கச்சி. கப்பல்ல வந்தவனையெல்லாம் விரட்டி இந்தக் கரையவே காத்தவன் நான். உன் முட்டையக் காக்க மாட்டேனா?"ன்னுச்சு பீரங்கி.

மைனாவும் நம்பி உள்ள முட்டை போட்டுச்சு.

ஒரு ஞாயித்துக்கிழம கோட்டையச் சுத்திப் பாக்க ஒரு கும்பல் வந்துச்சு. அதுல ஒருத்தன் காலி தண்ணி பாட்டிலோட பீரங்கி வாய்கிட்ட வந்து நின்னான்.

"அண்ணே, சுடுண்ணே! ஒரே ஒரு வெடி! பயந்து ஓடிருவான்!"னு மைனா கத்துச்சு.

"சுட்டா மொதல்ல சாவுறது உன் முட்டைதான் தங்கச்சி."

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"



"குண்டு போட்டாச்சுடா!"ன்னு அவன் பாட்டில உள்ள திணிச்சான். ஏதோ நொறுங்குச்சு. மைனா அவன் தலையச் சுத்திச் சுத்திக் கத்துச்சு. கும்பலே சிரிச்சுது.

திணிச்சவன் நான்தான்டா. நொறுங்கின சத்தம் எனக்கு நல்லாவே கேட்டுச்சு. நீங்கல்லாம் சிரிச்சீங்களேன்னு இன்னொரு தடவ அழுத்தினேன்.