நடுவில் இரண்டு நாற்காலி

"நீங்க மாசமா இருக்கீங்களா?"

நர்ஸ் சாதாரணமாகத்தான் கேட்டாள்.

மகள் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"அதென்ன கேள்வி? புள்ளைக்கு இன்னும் கண்ணாலமே ஆகுல."

"கூட வர்ற பொம்பளைங்க எல்லார்த்தையும் கேக்கறதுதானுங்க, கோவிச்சுக்காதீங்க. ஊசி போட்டா உங்க உடம்புல கதிர்வீச்சு இருக்கும். நாளைக்கு வரைக்கும் மாசமா இருக்கறவங்க, கைக்குழந்தைங்க பக்கத்துல ஒட்டி உக்காராதீங்க. மத்தபடி பயமில்லை."

அப்பா சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். தன் மகளைப் பற்றி அவருக்குத் தெரியாதா என்ன?

அவளுக்கு மூன்றாவது மாதம்.

அப்பாவின் இதயத்துக்கு ரத்தம் ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்க வந்திருந்தார்கள். சும்மா இருக்கும்போது ஒரு படம். ட்ரெட்மில்லில் ஓடவிட்டு இன்னொரு படம். இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், ரத்தம் போகாத இடம் கறுப்பாகத் தெரிந்துவிடும் என்று டாக்டர் சொன்னார். அதிர்ச்சியான விஷயம் எதையும் அவர் காதில் போட வேண்டாம் என்றும் சொன்னார்.

சொன்னால் அப்பா தாங்க மாட்டார்.

அப்பா தாங்கினாலும் சித்தப்பா தாங்க மாட்டார்.

சித்தப்பா கீழே காரில் காத்திருந்தார். பெரியப்பா மகள் பூங்கோதை வேறு சாதிப் பையனோடு பழகுவது தெரிந்த அன்று, பேசித் தீர்த்துக்கலாம் என்று அதே காரில்தான் கூட்டிப்போனார். இவள் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பூங்கோதை திரும்பி வரவில்லை. பெங்களூரில் நன்றாக இருக்கிறாளாம். வீட்டில் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள். ஒருநாள்கூட யாரும் அவளோடு போனில் பேசியதில்லை.

இவள் பழகுகிறவனும் வேறு சாதிதான். இவளுடைய போனில் அவன் பெயர் 'பிரின்டர் சர்வீஸ்'.

ஊசி போட்டுக்கொண்டு அப்பா வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ்ஸானாலும் சரி, கல்யாண மண்டபமானாலும் சரி, அவர் தோளில் சாய்ந்துதான் அவளுக்குப் பழக்கம்.

எழுந்தாள். தண்ணீர் பிடித்துவருகிறேன் என்று போனாள்.

எவ்வளவு தூரம் போதும் என்று நர்ஸ் சொல்லவில்லையே. திரும்பிவந்து இரண்டு நாற்காலி விட்டு உட்கார்ந்தாள். பாட்டிலை நடுவில் வைத்தாள்.

"ஏங்கண்ணு, அங்க போயி உக்காந்துட்ட?"

"அங்க ஏசி மூஞ்சிலயே அடிக்குதுங்கப்பா."

அப்பா அண்ணாந்து ஏசியைத் தேடினார். அது அவள் தலைக்கு நேர் மேலே இருந்தது.

பிறகு எதிர்ச் சுவரைப் பார்த்தார். அங்கே ஒரு படம் ஒட்டியிருந்தது. வயிறு பெருத்த ஒரு பெண். குறுக்கே சிவப்புக் கோடு.

ரொம்ப நேரம் அதையே பார்த்தார்.

அவள் துப்பட்டாவை வயிற்றின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். ஐயோ, அதைத்தான் செய்திருக்கக் கூடாது.

அப்பா தண்ணீரைத் தொடவே இல்லை.

முதல் படம் எடுத்தார்கள். அடுத்து ட்ரெட்மில் அறைக்குக் கூப்பிட்டார்கள். கடைக்குப் போவதென்றாலும் 'வர்றேன் கண்ணு' என்று சொல்லிவிட்டுப் போகிறவர், ஒன்றும் சொல்லாமல் போனார்.

கொஞ்ச நேரத்தில் நர்ஸ் ஓடிவந்தாள்.

"இன்னும் மிஷின்ல ஏத்தவே இல்லைங்க. அதுக்குள்ள துடிப்பு கண்டபடி ஏறுது. அப்பாகிட்ட ஏதாச்சும் சொன்னீங்களா?"

"ஒண்ணும் சொல்லலீங்க."

உண்மைதான். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

கதவிலிருந்த கண்ணாடி வழியாகப் பார்த்தாள். நெஞ்சு முழுக்க ஒயரோடு அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தார். உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

நர்ஸ் மறுபடியும் எட்டிப் பார்த்தாள். இந்த முறை சிரித்தாள்.

"போன் பேசி முடிச்சாரு, எல்லாம் அடங்கிருச்சுங்க. இனி ஓடலாம்."

ஓடினார். இரண்டாவது படமும் எடுத்தாயிற்று. முடிவு நாளைக்கு.

சரிவுப் பாதையில் இறங்கும்போது பழக்கத்தில் அவர் கையைப் பிடிக்கப் போனாள். அப்பா விலகிக்கொண்டார்.

"எட்டியே வா."

வாசலில் கார் வந்து நின்றது.

"நீ சித்தப்பாவோட வண்டில போயிரு கண்ணு. நான் ஆட்டோ புடிச்சு வர்றேன். இன்னிக்கு நீ எம்பக்கத்துல உக்காரக் கூடாதல்ல."

அவர் கண் கலங்கியிருந்தது. எதற்கென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

சித்தப்பா இறங்கிவந்து, அவளுக்காகப் பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

யாருக்கும் கதவு திறந்துவிடுகிற ஆள் இல்லை அவர். இதற்கு முன்னால் ஒரே ஒரு தடவைதான் அவள் பார்த்திருக்கிறாள், மாடியிலிருந்து.