நானூறு பாராட்டுகள்

ஒரு கணினியில் மவுஸும் கீபோர்டும் நெருங்கிய சிநேகிதர்கள். உள்ளே காவலுக்கு ஆன்டிவைரஸ் இருந்தது. அது கொஞ்சம் முசுடு.

ஒருநாள் மவுஸுக்குப் பழைய வீடியோ கேம் ஆட ஆசை வந்தது. அந்தக் காலத்து கேம்களைக் கணினியில் ஓடவைக்கும் எமுலேட்டர் ஒன்றை ஏதோ ஒரு பக்கத்திலிருந்து டவுன்லோடு செய்தது.

"இது சரியில்ல," என்றது ஆன்டிவைரஸ்.

"நீ எதைத்தான் சரின்னு சொல்லியிருக்கே? போன வாரம் கல்யாணப் பத்திரிகையையே பிடிச்சு வச்சவன்தானே நீ," என்றது மவுஸ். "இதோ, குறிப்பே போட்டிருக்காங்க. 'உங்கள் ஆன்டிவைரஸ் சும்மா கத்தும், அணைத்துவிட்டு இன்ஸ்டால் செய்யவும்.' நீ கத்துவேன்னு முன்னாடியே சொல்லிட்டாங்க பாரு. எவ்வளவு நேர்மையான ஆளுங்க."

"கீழே நானூறு பேர் 'சூப்பர், நல்லா ஓடுது'ன்னு எழுதியிருக்காங்க," என்றது கீபோர்டு.

"அந்த நானூறு பேரும் யாருன்னு…"

ஆன்டிவைரஸ் பேசி முடிப்பதற்குள் மவுஸ் அதை அணைத்துவிட்டது.

கேம் நிஜமாகவே ஜோராக ஓடியது. மூன்று கட்டம் தாண்டிய மவுஸ் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது. திரையிலிருந்த அம்பு மட்டும் நிற்கவில்லை. அது தானாகவே நகர்ந்துபோய், எமுலேட்டர் கிடைத்த அதே பக்கத்தைத் திறந்தது.

"நான் அசையவே இல்லையே," என்றது மவுஸ்.

"நானும் எதையும் தட்டலையே," என்றது கீபோர்டு.

இரண்டும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அந்த நானூறுக்கும் கீழே, மவுஸின் பெயரில், ஒவ்வோர் எழுத்தாக வந்து விழுந்தது: "சூப்பர், நல்லா ஓடுது."