ஆயிரத்துக்கு ஆயிரம்

அண்ணனும் தம்பியும் ஓர் இலவச இயங்குதளத்துக்குச் சம்பளமில்லாமல் மென்பொருள் எழுதுகிறவர்கள். அதில் யார் எழுதியது முக்கியம் என்று ஒரு வாரமாகச் சண்டை.

"என் எடிட்டர் இல்லாம எவன்டா ஒரு வரி அடிப்பான்?" என்றான் அண்ணன்.

"போண்ணா! என் பிரவுசர் இல்லாட்டி கம்ப்யூட்டர் வெறும் டப்பா!" என்றான் தம்பி.

"கத்தாதீங்க," என்றாள் அண்ணி. "ஒவ்வொரு கம்ப்யூட்டர்லயும் எந்தெந்த மென்பொருள் இருக்குன்னு கணக்கெடுத்து அனுப்ப ஒரு புரோகிராம் வந்திருக்கு. எண்ணிப் பார்த்துடலாம். முதலிடம் வராதவங்க எல்லாரும் ஒரு மாசம் பாத்திரம் கழுவணும்."

இருவரும் ஒப்புக்கொண்டார்கள். அந்த இயங்குதளத்தைப் பயன்படுத்துகிற ஆயிரம் பேர் அந்தப் புரோகிராமைத் தங்கள் கம்ப்யூட்டரில் போட்டுக்கொண்டார்கள். பத்தாம் நாள் முடிவு வந்தது. பிரவுசர் தொள்ளாயிரத்து நாற்பது, எடிட்டர் தொள்ளாயிரத்துப் பத்து.

"ஜெயிச்சுட்டேன்!" என்று குதித்தான் தம்பி.

"அதுக்கு மேல் வரியைப் படிங்க கொழுந்தனாரே."

கணக்கெடுக்கும் புரோகிராம், ஆயிரத்துக்கு ஆயிரம்.

"அநியாயம்! அது இல்லாத கம்ப்யூட்டர்லேர்ந்து கணக்கே வராதே! எவன் எழுதினான் இதை?" என்று கொதித்தான் அண்ணன்.

"நான்தான். நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்ட வாரத்துல எழுதினேன்," என்று ஆளுக்கொரு பாத்திரம் தேய்க்கும் நாரை நீட்டினாள் அண்ணி. "வேணும்னா அடுத்த மாசமும் எண்ணிப் பார்க்கலாம்."