அக்கா காட்டிய வழி

"நூலகவியல் முதுகலைக்கு அஞ்சல்வழியில சேரவா, தலைநகர் சோபியாவுக்குப் போய்ப் படிக்கவா, தெசிஸ்லாவா அக்கா?" என்று கேட்டேன். அவர் எங்கள் ஊர் நூலகத்தின் தற்காலிக ஊழியர்.

"சோபியாவுக்கே போடா பிளாமென். அஞ்சல்ல படிச்சா மண்டையில ஏறாது."

"நீங்க அஞ்சல்லதானே படிக்கிறீங்க?"

"அனுபவிச்சவ சொல்றேன். ஆவணக் காப்பகப் பிரிவு எடு. நாளைக்கே கிளம்பு."

பேருந்து நேரத்தைக்கூட எழுதிக் கொடுத்தார். நெகிழ்ந்த குரலில் நன்றி சொன்னேன்.

அங்கிருந்து, ஏற்கெனவே வாங்கியிருந்த என் அஞ்சல்வழிச் சேர்க்கை ரசீதோடு நேரே நகராட்சிக்குப் போய் விண்ணப்பம் கொடுத்தேன். அதே நூலகத்தில் ஒரே ஒரு நிரந்தர வேலை. அஞ்சல்வழி மாணவர்களும் போடலாம். நாளை கடைசி நாள்.

அந்த வேலை அறிவிப்பைப் பலகையில் ஒட்டாமல் அக்கா மேசைக்குள் பூட்டி வைத்திருந்தார். நகராட்சியில் அதைத் தட்டச்சு செய்தவர் என் அம்மா.