நடுச்சுவர்

"குழந்தையை நான் அடிக்கிறேன்னு போன் பண்ணது எவன்?"

குழந்தைகள் நல அதிகாரியும் போலீஸும் நிற்கும்போதே படிக்கட்டு அதிரக் கத்தினான் கணவன். மனைவி குழந்தையை அணைத்துக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினாள்.

பக்கத்து வீட்டு டெய்லர் கழுத்தில் டேப்போடு வெளியே வந்தார். "நான்தான்."

"அவர் இல்ல, நான்" என்றாள் மாடிவீட்டு நர்ஸ்.

"நானுந்தான். இப்ப என்னங்கிற?" என்றார் எதிர்வீட்டு டிரைவர்.

கணவனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

"போன் பண்ணது நான்தானே, அண்ணே? நீங்கள்லாம் ஏன் உங்க தலையில இழுத்துப் போட்டுக்கிட்டீங்க?" என்றாள் மனைவி.

டெய்லர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"நடுச்சுவர் ரொம்ப மெலிசும்மா. காலைல நீ போன்ல பேசினது கேட்டுச்சு. இவங்ககிட்டயும் சொன்னேன். உன் பேரு வெளிய வரக்கூடாதுன்னு பேசி வெச்சோம்."

கழுத்து டேப்பைக் கழற்றிச் சுருட்டினார்.

"ஒரு வருஷமா பாப்பா அழுததும் கேட்டுச்சும்மா."