சாரி போடாத நோ

ஒரு குளத்தில் மிதந்த கட்டைமேல் உட்கார்ந்து தவளை வாத்தியார் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்திக்கொண்டிருந்தார். படிக்க வந்தவர்கள் இரண்டே தவளைகள்: வீரபுத்திரன், பச்சையம்மாள். அன்றைய பாடம், மறுத்துப் பேசுவது எப்படி.

"டுடே வெரி ஹாட்," என்று ஆரம்பித்தார் வாத்தியார். வெயிலில் மூவருக்கும் முதுகு வெந்தது.

"நோ, யூ ராங். கோல்டு," என்றான் வீரபுத்திரன்.

"ஆம்பளைப் பிள்ளை. என்னா கான்ஃபிடன்ஸ் பாரு," என்று வாத்தியார் பூரித்துப்போனார். "அடுத்து, வீ சிட் ஆன் வுட்."

பச்சையம்மாள் எழுந்து, குனிந்து பார்த்தாள். கட்டை கண்ணைச் சிமிட்டியது.

"நோ சார். க்ரொக்கடைல்."

"பொம்பளைப் பிள்ளைக்கு வாயப் பாரு. முதல்ல சாரி போடும்மா."

"சாரி சார். ஐ திங்க், மேபி, க்ரொக்கடைல்..."

"மேபியா? உனக்கே சந்தேகம்னா எதுக்கு எந்திரிச்சுப் பேசுற? உட்காரு."

வீரபுத்திரன் கெக்கெக்கென்று சிரித்தான். பச்சையம்மாள் உட்காரவில்லை, ஒரே தாவில் கரைக்குப் போய்விட்டாள்.

கட்டை உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பி வாயைப் பிளந்தது. வாத்தியாரும் வீரபுத்திரனும் அந்தரத்தில் பறந்தபடி, "நோ, நோ," என்று அலறினார்கள்.

"சார்," என்றாள் கரையிலிருந்து பச்சையம்மாள், "சாரி போட மறந்துட்டீங்க."