ஏர்கோன் போட்ட பட்டறை

மலேசியாவின் பாக்கார் ஆராங் ஊரில் தச்சர் புவனேசன் தன் கராஜ் பட்டறையின் சுவரெங்கும் பஞ்சு அடைத்து, மேலே பிளைவூட் அறையத் தொடங்கியதும், பக்கத்து வீட்டு வாசுகி அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவனுடைய மின்ரம்பத்தைப் பற்றி வாரம் மூன்று முறையாவது புகார் சொல்பவர் அவர்தானே.

"என்ன தம்பி, சத்தத்துக்கா?"

"ஆமாக்கா, சத்தத்துக்குத்தான்."

போதாதா? போனில் ஸ்பீக்கரைப் போட்டு, பீடோங்கில் இருக்கும் அண்ணிக்குச் செய்தி போனது. "நான் ஒரு வார்த்த சொன்னேன் அண்ணி, சுவரே மாறுது!"

மறுநாள் பட்டறையைக் குளிரூட்ட ஏர்கோன் வந்தது. அதற்கும் ஒரு மணி நேரப் பேச்சு. "மரம் அறுக்க ஏர்கோனாம். தொர லா அவன்!"

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ரம்பம் அலறியது. பட்டறைக்குள் அல்ல, வாசல் போர்ச்சில். வாசுகி அக்கா, பேசிக்கொண்டிருந்த போனோடு வேலிக்குப் பாய்ந்தார்.

"அவ்வளோ பஞ்ச அடச்சிட்டு வெளிய நின்னு அறுக்கிறியே! உள்ள போ லா!"

"உள்ள கஸ்தூரி தூங்குறாக்கா."

"பொண்டாட்டியையா பட்டறையில படுக்க வச்சிருக்க?"

"ஃபேக்டரில நைட் ஷிஃப்ட்டு. பகல்ல வீட்ல தூக்கமே இல்ல. போன மாசம் மோட்டார் சைக்கிள்ல வர்றப்ப கண்ணசந்து ரோட்டோர லோங்காங் சாக்கடைல விழுந்துட்டா."

"அடப்பாவி! ரம்பத்த நிறுத்த வேண்டியதுதானே?"

"ரெண்டு வாரம் நிறுத்திப் பாத்தேன்க்கா. அப்பவும் தூங்க முடியல."

வாசுகி அக்காவின் கையில் பீடோங் அண்ணி, "அலோ... அலோ..." என்று தெருவுக்கே கேட்கக் கத்திக்கொண்டிருந்தார்.

புவனேசன் ரம்பத்தை எடுத்தான். "நீங்க பேசுங்கக்கா. இப்ப உள்ள கேக்காது."